வேப்பங்கட்டைக் குமிழ்

சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
பனமரத்துப்பட்டி தபால்.
9-2-1958

அன்புள்ள தம்பி செபஸ்தியானுக்கு அக்கா இன்னாசிமேரி ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? உன் சம்சாரம் சவரியம்மாளும் மகள் மரியபுஷ்பமும் சுகமா?

சுகம் விசாரித்தாயிற்று. இனி என் கோபத்தைக் கேள். உங்கள் தொழில் பயிற்சிச் சங்கத்தின் ஆண்டு விழா நேற்று எங்கள் ஊரில் நடந்தது. கௌரவச் செயலாளர் என்று நீ மேடை ஏறி முன்னேற்ற அறிக்கை வாசித்தாய். "ஏரிக்கோடி மையத்தில் மூன்று தையல் இயந்திரங்கள் இயங்குகின்றன" என்றாய். இந்த மையத்தின் டீச்சர் என்ற முறையில் நானும் கைதட்டினேன். பந்தலைப் பிரிப்பதற்குள் அதில் இரண்டை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்கே கொண்டு போகிறாய் என்று வண்டிக்காரனைக் கேட்டேன். "அடுத்த வாரம் வேற ஊருல ஆண்டு விழாங்க டீச்சரம்மா. அங்கயும் மிஷின் காட்டோணுமில்லீங்க" என்றான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகையைப்போல் அல்லவா மிஷினை ஊர் ஊராய்க் கொண்டு போகிறீர்கள்!

இந்தக் கொட்டகை எப்படி எழும்பியது என்று உனக்குத் தெரியும். அறிக்கையில் 'சிரமதானம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் இருட்டும் வரை ஏரிக்கரையிலிருந்து கல் சுமந்தார்கள். ஆத்தாயிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியவில்லை. கொட்டகை கட்டிக் கொடுத்தால் மிஷின் இந்த ஊரிலேயே நிற்கும் என்று நீ அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாய். அப்போது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

மிஞ்சியது அந்தப் பழைய மிஷின் ஒன்றுதான். அதன் இழுப்பறைக் குமிழ் உடைந்துபோனதால் ஆத்தாயி புருஷன் வேப்பங்கட்டையில் ஒரு குமிழ் செதுக்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறான். கோணலாக இருந்தாலும் கையில் நன்றாக நிற்கிறது.

உங்கள் தலைவருக்கு மாலை போட்டாளே, அவள்தான் பெருமாயி. புருஷன் தள்ளிவைத்துவிட்டான். கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நவம்பரில் சேலத்தில் சர்க்காரின் தையல் லோயர் பரீட்சை. அதில் தேறினால் ராசிபுரத்துப் பெண்கள் விடுதியில் அவளுக்கு வேலை தருவதாக விடுதி அம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். தேறாவிட்டால் அவளைப் பேரன் பேத்தி எடுத்த ஒரு கிழவனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்க அண்ணன் பேசி வைத்திருக்கிறான். ஒரே மிஷினில் பன்னிரண்டு பெண்கள் எப்படிப் பழகுவது? அந்த இரண்டையும் திருப்பி அனுப்பு.

சாப்பாட்டில் காரத்தைக் குறைத்துக்கொள். இந்தக் கடிதத்தில் இருப்பதே உனக்குப் போதும்.

உன் அக்கா
இன்னாசிமேரி


சேசு மரி சூசை

சூரமங்கலம்,
3-3-1958

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு செபஸ்தியான் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு யாவரும் நலம். ஆபீசில் வருஷக் கணக்கு முடிக்கிற வேலை இருந்ததால் பதில் எழுதத் தாமதம். தங்கள் முழங்காலுக்கு ரயில்வே டாக்டரிடம் தைலம் கேட்டிருக்கிறேன்.

விழாவைத் தலைவர் மிகவும் பாராட்டினார். போட்டோவும் நன்றாக வந்திருக்கிறது. மூன்று மிஷின்களும் தெளிவாகத் தெரிகின்றன. இயந்திரங்களைப் பற்றித் தாங்கள் எழுதியது நிர்வாகக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும். பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை எழுதி அனுப்பவும். விழாவுக்கு வந்து வேடிக்கை பார்த்த பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்கிறார். அவர்களும் பயன் பெற்றவர்கள்தானே.

தவசு காலமாதலால் உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் தம்பி
செபஸ்தியான்


சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
22-6-1958

தம்பி செபஸ்தியானுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் அதற்காவது பதில் எழுதுவாய் என்று கேட்கிறேன்.

பாஸ்குத் திருநாள் முடிந்த மறு ஞாயிறு நீயே வண்டி பிடித்துக்கொண்டு வந்தாய். சக்கரம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ரிப்பேர் பார்த்துப் பத்து நாளில் கொண்டுவருகிறேன் என்று இருந்த ஒரு மிஷினையும் ஏற்றிக்கொண்டு போனாய். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிற விஷயம் அது. தம்பி கேட்கிறானே என்று நானே ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனியும் பிறந்துவிட்டது.

தையல் கொட்டகையில் இப்போது என்ன நடக்கிறது என்று உன் அறிக்கையில் எழுதிக்கொள். ஆத்தாயி புருஷன் ஒரு பலகைக்கு அடியில் உருட்டுக் கட்டை வைத்து மிதிபோலச் செய்து கொடுத்திருக்கிறான். பெண்கள் வரிசையில் நின்று அந்தப் பலகையை மிதித்துப் பழகுகிறார்கள். கால் மிதிக்க வேண்டியது, கை வெறும் காற்றில் துணியைத் தள்ள வேண்டியது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள். "பேய் புடிச்சுருச்சுங்களா டீச்சரம்மா?" என்று ஒருவன் கேட்டான். பெருமாயி மட்டும் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்தது.

மிஷின் எங்கே? நான் கேட்பது இந்த ஒன்றுதான்.

இன்னாசிமேரி


சேசு மரி சூசை

சூரமங்கலம்,
5-7-1958

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் ஒரு சந்தோஷ சமாச்சாரம். நம் மரியபுஷ்பத்துக்கு வரன் அமைந்துவிட்டது. பையன் பெயர் ஞானதாஸ். ஈரோட்டில் ரயில்வே பிட்டர். நல்ல குடும்பம். சீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எதிர்பார்க்கிறார்கள். ஆவணிக் கடைசியில் கல்யாணம். அத்தையாகிய தாங்கள் முன்னின்று நடத்திக் கொடுக்க வேண்டும். எனக்கு வயிறு பரவாயில்லை. தைலம் கிடைத்ததா?

ரிப்பேர்காரர் தம் ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் விசாரிக்கிறேன்.

செபஸ்தியான்


சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
12-7-1958

தம்பிக்கு,

குழந்தையின் கல்யாணச் செய்தி படித்து ஊர் முழுக்கச் சொன்னேன். அவளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டியவள் நான். மாதா அவளுக்கு எல்லா நலனும் தரட்டும். தைலம் கிடைத்தது, நாற்றம் தாங்கவில்லை.

உன் கடிதத்தில் மாப்பிள்ளை இருக்கிறான், சம்பந்தி இருக்கிறார், மிஷினுக்கு மட்டும் கடைசியில் ஒன்றரை வரி. உன் ரிப்பேர்காரர் என்ன தேசாந்திரியா? அவருடைய ஊர் எது என்று எழுது. நானே போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

நேற்று அந்தக் கிழவன் பெருமாயியைப் பார்க்க வந்தான். வெற்றிலைச் சாற்றைத் துப்பிக்கொண்டே அவளைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தான். "பரிச்சை முடியட்டுமுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்று அவள் அண்ணன் சொல்லி அனுப்பினான். நான் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டதால் அந்தத் தவணை. பரீட்சையில் மிஷின் கொடுத்து நேரம் வைத்துத் தைக்கச் சொல்வார்கள். பலகையை மிதித்துக் காட்டினால் பாஸ் போடுவார்களா? உனக்கும் பெண் இருக்கிறாள் செபஸ்தி. யோசித்துப் பார்.

அக்கா


சேசு மரி சூசை

சூரமங்கலம்,
10-8-1958

என் பிரியமுள்ள அத்தைக்கு உங்கள் மரியபுஷ்பம் ஆயிரம் முத்தம் கொடுத்து எழுதுவது. நான் சுகம், அம்மா சுகம். அப்பா வேலை வேலை என்று அலைகிறார். ராத்திரியில் தூக்கம் வராமல் வாசலில் நடக்கிறார். கல்யாணக் கவலை என்று அம்மா சொல்கிறாள். உங்கள் கடிதம் வந்து கிடக்கிறது. பதில் எழுதினாரா என்று தெரியவில்லை.

அத்தை, ஒரு விஷயம் தெரியுமா? எனக்குச் சீராக அப்பா தையல் மிஷின் வைத்திருக்கிறார்! கருப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. என் சிநேகிதிகளில் யாருக்கும் மிஷின் சீர் கிடையாது. இழுப்பறையின் குமிழ் மட்டும் மரக்கட்டையில் கோணலாக இருக்கிறது. வேப்ப மரம் என்று அம்மா சொல்கிறாள். மாற்றச் சொன்னால் அப்பா ஆகட்டும் ஆகட்டும் என்கிறாரே தவிர மாற்றவில்லை. ஆனால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கைக்கு நன்றாக இருக்கிறது. எனக்கு பாபின் மாட்டவே வரவில்லை அத்தை. கல்யாணத்துக்கு வரும்போது நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் செல்லம்
மரியபுஷ்பம்


சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
20-8-1958

அன்புள்ள தம்பி செபஸ்தியானுக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம். நீ ராத்திரியில் நன்றாகத் தூங்கு. பசும்பால் குடித்தால் தூக்கம் வரும்.

மிஷினைப் பற்றி இனி உன்னைக் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டதா? மூன்று ஞாயிறும் யாரும் தடை சொல்லாமல் இருந்தால் சரி. நான் தடை சொல்ல வரமாட்டேன், குழந்தை நன்றாக வாழ வேண்டும். ஆனால் அத்தை சீர் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதை ஊரறியக் கொண்டுவருவேன். இளம்பிள்ளைத் தறிப் பட்டுச் சேலை எடுத்தாயிற்று. ரவிக்கைகளை என் மாணவிகள் கையாலேயே தைக்கிறார்கள், இங்கே மிஷின் இல்லாததால். பன்னிரண்டு பேரும் சீர்த்தட்டு ஏந்தி என்னோடு வருகிறார்கள். பந்தலில் சாமான்கள் வைக்கும் இடத்துக்குப் போகவரக் கொஞ்சம் வழி விட்டு வை. மேளம் நாங்களே கொண்டுவருகிறோம்.

சம்பந்தி வீட்டாரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
இன்னாசிமேரி


சூரமங்கலம்,
12-9-1958

அக்கா அவர்களுக்கு,

சேசு மரி சூசை என்று தலைப்பில் எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. சுகம் விசாரிக்கவும் மனம் இல்லை.

ஒரே ரத்தம் என்று கூப்பிட்டேன். மேளம் கொட்டிச் சீர் கொண்டு வந்தீர்கள். தெருவே எழுந்து நின்று பார்த்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தட்டுகளைப் பந்தலில் இறக்கி வைத்தீர்கள். அதே மேளத்தோடு மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டீர்களே! ஒருத்தி தலையில் மிஷின், இரண்டு பேர் கையில் இரும்புச் சட்டம், முன்னால் நீங்கள். சீர் உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறார்கள், மேளம் கொட்டிச் சீர் வெளியே போவதை இந்தச் சூரமங்கலத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? "என்னங்க இது?" என்று சம்பந்தி கேட்டார். "அது சங்கத்து மிஷினுங்க, கண்காட்சிக்கு வெச்சிருந்தோம்" என்றேன். என் மகளின் கல்யாணப் பந்தலில் நின்று எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்ல வைத்தீர்கள்.

நான் திருடன் அல்ல. பழுதான சாமான் என்று நிர்வாகக் குழு அதைத் தள்ளிவிட்டது. என் கௌரவ ஊழியத்துக்கு அன்பளிப்பாகத் தலைவரே கொடுத்தார். நான் வேண்டாம் என்றால் அவருக்கு அவமரியாதை. என் நிலைமை உங்களுக்கு எங்கே புரியப் போகிறது?

இனி என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

செபஸ்தியான்


சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
18-9-1958

தம்பிக்கு,

நான் எழுதுகிறேன் சேசு மரி சூசை. எனக்குக் கை நன்றாகவே வருகிறது. உன் வயிறு எரியும் என்று தெரியும். மோர் குடி.

பழுது என்றா சொன்னாய்? கொண்டு வந்த அன்றே எண்ணெய் விட்டோம், ஓடுகிறது. குழு பழுது என்று தீர்மானம் போட்டால் ஓடுகிற மிஷின் பழுதாகிவிடுமா? உங்கள் தலைவருக்கு அதைக் கொடுக்க என்ன உரிமை? கல் சுமந்த பெண்களில் ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா? அவர் ஊரார் பொருளை எடுத்து உனக்குப் பெரிய மனுஷத்தனம் காட்டினார். நீ கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டாய். கூச்சத்தை எனக்கு ஒரு கார்டில் எழுதியிருக்கலாமே. "அக்கா, இப்படி ஆகிவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு ஓசைப்படாமல் வாங்கி வந்திருப்பேன். ஐந்து மாதம் என்னிடம் ரிப்பேர்காரர் கதை சொன்னாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பூசை முடிந்து, தாலி ஏறி, சுவாமியார் ஆசீர்வாதம் சொல்லிப் போன பிறகுதான் மிஷினைத் தொட்டோம். குழந்தைக்கு ஒரு குறையும் வரவிடவில்லை. பந்தியில் நாங்கள் யாரும் கை நனைக்கவும் இல்லை. பசியோடு வந்து பசியோடு திரும்பினோம், அதையும் கவனித்தாயா?

இன்னொன்று நீ கவனிக்கவில்லை. நாங்கள் தெருமுனை போகும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உன் மகள், கழுத்தில் மாலையோடு. முதல் நாளே கோயிலில் அவளைப் பார்த்து எல்லாம் சொல்லிவிட்டேன். அப்போது அழுதாள். இப்போது மூச்சு வாங்க நின்று, "எண்ணெய்க் குப்பியை மறந்துட்டீங்க அத்தே" என்று என் கையில் திணித்தாள். பெருமாயியைப் பார்த்து, "நல்லாப் பரிச்சை எழுதுங்க அக்கா" என்றாள். அந்தப் பெண் உனக்குப் பிறந்தவள்தான். அதனால்தான் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இல்லாவிட்டால் உன்னைத் தலைமுழுகியிருப்பேன்.

வாசலை மிதிக்கமாட்டேன். இங்கே மிதிக்க மிஷின் இருக்கிறது.

இன்னாசிமேரி


சேசு மரி சூசை

சூரமங்கலம்,
25-1-1959

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கிறிஸ்து பிறந்த திருநாளுக்கும் தங்களுக்கு எழுதவில்லை. மன்னிக்கவும். இங்கு எல்லாரும் சுகம். மரியபுஷ்பம் ஈரோட்டிலிருந்து எழுதுகிறாள், முழுகாமல் இருக்கிறாளாம். மாப்பிள்ளை தங்கமானவர். மிஷின் பேச்சை இதுவரை எடுக்கவே இல்லையாம். எனக்கு வயிற்றில் முன்னைவிட வலி அதிகம்.

இந்த வருஷத்து ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது. ஏரிக்கோடி பற்றிய பகுதியைக் கீழே எழுதுகிறேன்:

"பொதுமக்கள் பங்கு: ஏரிக்கோடிப் பெண்கள் தாமாகவே முன்வந்து, சூரமங்கலத்திலிருந்து தையல் இயந்திரத்தைத் தலைச்சுமையாக, மேளதாளத்துடன் ஊர்வலமாகக் கொண்டு சென்று தங்கள் மையத்தில் சேர்ப்பித்தனர். சங்கத்தின் வேறெந்த மையத்திலும் பொதுமக்கள் இத்தகைய ஆர்வம் காட்டியதில்லை."

தலைவர் படித்துவிட்டு, மாற்ற முடியுமா என்று கேட்டார். அச்சுக்குப் போய்விட்டதால் விட்டுவிட்டார். அடுத்த மாதம் பக்கத்து வட்டத்தில் ஆண்டு விழா. ஊர்வலமாகப் போன அந்த இயந்திரத்தையே கண்காட்சியில் வைக்க வேண்டும் என்கிறார். வண்டி அனுப்பலாமா என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

தங்கள் தம்பி
செபஸ்தியான்


சேசு மரி சூசை

ஏரிக்கோடி,
1-2-1959

அன்புள்ள தம்பி செபஸ்தியானுக்கு அக்கா ஆசீர்வாதம். குழந்தை முழுகாமல் இருக்கும் செய்தி கேட்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறக்கப் போகிற பிள்ளைக்குச் சட்டை இங்கே மிஷினில் தைத்தாகிறது. வயிற்று வலியை வளரவிடாதே, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு.

பெருமாயி தேறிவிட்டாள். தை பிறந்ததும் ராசிபுரம் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் ஏறும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானு வாரேனுங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவளோடு பரீட்சை எழுதிய ஜெபமலரும் இன்னும் மூன்று பேரும் தவறிவிட்டார்கள். ஏப்ரல் தொடங்கி பெருமாயி பழகியிருக்க வேண்டிய காலத்தை உங்கள் சங்கம் தின்றது, அவர்களுடைய காலத்தையும் தின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இவர்கள் மறுபடி எழுத வேண்டும். இதையும் அறிக்கையில் போட்டாயா?

நீ எழுதி அனுப்பிய பகுதியைக் கொட்டகையில் உரக்க வாசித்தேன். ஆத்தாயி தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏனுங்க டீச்சரம்மா, நம்மகிட்ட இருந்து எடுத்ததை நாமளே போயித் தூக்கியாந்தா அதுக்குப் பேரு ஆர்வமுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மானக்கேட்டையும் ஒரு முன்னேற்றமாக எழுதிவிட உங்களால் முடிகிறதே என்று கோபம்தான் வந்தது.

ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். 'சூரமங்கலத்திலிருந்து' என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறது. செயலாளர் வீடு இருக்கிற ஊர் அது. மிஷின் அங்கே எப்படி வந்தது என்று படிக்கிறவன் எவனாவது ஒருநாள் கேட்பான். அந்த வார்த்தையைத் தலைவர் எழுதியிருக்கமாட்டார். அதை நீ வேண்டுமென்றே போட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு கார்டில் எழுத வராததை அச்சில் எழுதியிருக்கிறாய். சரி, பார்த்துவிட்டேன். ஆனால் முழுதும் ஆறவில்லை, ஆறும்போது சொல்கிறேன்.

கண்காட்சிக்கு மிஷின் வராது. வண்டி அனுப்பாதே. தலைவருக்குப் பார்க்க ஆசையாக இருந்தால் இங்கே வரட்டும், கொட்டகை திறந்தே இருக்கிறது. வரும்போது போன வருஷம் ஏற்றிப் போன அந்த இரண்டு மிஷின்களையும் கொண்டு வரட்டும். வரவில்லை என்றால் பரவாயில்லை. அவை எந்த ஊரில் எந்தப் பந்தலில் நிற்கின்றன என்று ஆத்தாயி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மேளக்காரரிடம் பேசியாயிற்று.

சீர்த்தட்டுகளைத் துலக்கி வைத்திருக்கிறோம்.

உன் அக்கா
இன்னாசிமேரி